கையில் இருந்த கடிதம்

இலங்கை மலையகத்தின் ராகலைக் கடைவீதியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் மாலை நாலரை மணிக்கு அவரைப் பார்க்கலாம். தோளில் ஒரு பழைய பள்ளிப் பை. பேத்தி கழித்துப் போட்டது. பைக்குள் ஒரு பொலித்தீன் உறை, அதற்குள் அன்றைய கடிதங்கள். மழை நாளில் அவர் நனைவார், கடிதம் நனையாது. மேல் கணக்கு, நடுக் கணக்கு, பணிய கணக்கு என்ற பிரிவுகளில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கடைசிக் கடிதத்தைக் கொடுக்கும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். இந்த வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. சம்பளம் கிடையாது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தில் 'தப்பால் அண்ணன்' என்றால் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும்.

கடிதம் கொடுப்பது தபால்காரர் வேலைதானே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மலையகத்து லயக் காம்பராக்களில் மிகப் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. பெயர், தோட்டம், பிரிவு, ராகலை. அவ்வளவுதான். ஒரே முகவரியில் முந்நூறு குடும்பங்கள். அதில் மூன்று புஷ்பராணி இருப்பார்கள், நாலு லெட்சுமி இருப்பார்கள், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். பரம்பரை பரம்பரையாகத் தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே போயின. அங்கே ஒரு பெட்டியிலோ மேசை மூலையிலோ கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள். போகாவிட்டால் கிடக்கும். பிற்பாடு சில தோட்டங்களுக்குத் தபால்காரர்கள் வந்தார்கள். பல இடங்களில் பழைய வழக்கமே தொடர்கிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு தேதி கடந்தபின் கைக்கு வந்ததால் வேலையை இழந்தவர்கள் இல்லாத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும், வங்கியின் அடகு அறிவித்தலும், நீதிமன்ற அழைப்பாணையும் அதே மேசை மூலையில்தான் கிடந்தன.

'தப்பால்' என்ற சொல் பழையது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், தபால் நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே பை சுமந்து நடக்க ஒரு தொழிலாளியை வைத்திருந்தார்கள். அந்தப் பை துரையின் பை. அதில் தொழிலாளிக்கும் ஒரு கடிதம் இருந்தால் அது துரையின் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். தோட்டம் என்பது நிலம் மட்டுமாக இருக்கவில்லை. உள்ளே யார் வரலாம், யார் பேசலாம், என்ன செய்தி வரலாம் என்பதும் துரை முடிவு செய்வதாக இருந்தது. வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். 1920களிலும் 30களிலும் தொழிற்சங்கம் கட்ட வந்த தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லோரும் அறிந்த கதை. அவரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் துண்டுப் பிரசுரமும் பாட்டுமாக அந்த எல்லையைக் கடந்தார்கள். ஆனால் அப்படி வேடமிட எல்லோராலும் முடியாது. தொண்டு செய்ய விரும்பும் வெளியார் உள்ளே வர முடியாத இடத்தில், தொண்டர் லயத்திலேயே பிறந்தாக வேண்டியிருந்தது. பிணத்துக்குப் பெட்டி வாங்கக் காசு சேர்த்த மரணாதாரச் சங்கமும், தகரக் கொட்டகையில் நடந்த இரவுப் பள்ளியும், ஒரே பத்திரிகையை முப்பது பேர் வாசித்த வாசிகசாலையும் அப்படித்தான் உண்டாயின. பசித்தவன் பசித்தவனுக்குச் செய்தவை இவை.

தப்பால் அண்ணனை நான் நெருங்கி அறிந்தது என் அம்மாவின் சேமலாப நிதியால். அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தபோது, அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே பெண் என்று நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் இது அபூர்வமான சிக்கல் அல்ல. பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அப்படிப் பதிவான பெயர்களோடுதான் எங்கள் பெற்றோர் தலைமுறை வாழ்ந்து முடிக்கிறது. சத்தியக்கடதாசி, சமாதான நீதவானின் ஒப்பம், கிராம சேவகரின் கடிதம் என்று நான்கு தடவை அம்மாவோடு அலைந்தவர் அவர். நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். அவர் பஸ் காசுகூட வாங்கவில்லை.

அப்போது எனக்கு நன்றியை விடச் சந்தேகமே முந்திக்கொண்டது. அதை இங்கே சொல்ல வேண்டும். இவர் ஏன் இதைச் செய்கிறார்? தொழிற்சங்கத்தில் தலைவராக வர நினைக்கிறாரா? பிரதேச சபைத் தேர்தல் வருகிறதா? எங்கள் ஊரில் அக்கறை என்பது தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு வந்து, முடிவு வந்த மறுநாள் திரும்பிப் போகும் விருந்தாளி. கூரைத் தகரம் தந்தவர் படம் எடுத்துக்கொண்டார். மாதாமாதம் சம்பளத்தில் சந்தா கழித்தவர்கள் லயத்துப் பக்கம் வந்ததில்லை. ஆகவே கைம்மாறு கேட்காதவரைக் கண்டால் எங்களுக்குப் பயம். நல்லவர்களை நம்பும் மனமும் எங்களிடமிருந்து எடுக்கப்பட்ட எத்தனையோ பொருள்களில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு தீபாவளி விடுமுறையில் அவரோடு நடந்தேன். "அண்ணே, இத ஏன் செய்யிறீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"சும்மாதான் தம்பி" என்றார்.

அடுத்த லயத்தில் ஒரு கிழவிக்கு மருந்துச் சீட்டை வாசித்துச் சொன்னார். அதற்கடுத்த லயத்தில் சிங்களத்தில் வந்திருந்த ஒரு கடிதத்தை உறையில் திருப்பி வைத்து, நாளைக்குப் பாடசாலை மாஸ்டரிடம் காட்டி வருவதாகச் சொன்னார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. லயத்து வாசலுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். உள்ளுக்குள் ஒரு கதையை எதிர்பார்த்தேன்: இளவயதில் இவருக்கு வந்த ஒரு வேலைக் கடிதம் தவறிப்போயிருக்க வேண்டும், அந்த வலிதான் இவரை நடக்க வைக்கிறது என்று. அப்படி எதுவும் இல்லை என்றார். தனக்குக் கடிதமே வந்ததில்லையாம். அவர் சொன்னது வேறு.

அவருக்குப் பன்னிரண்டு வயது. 1970களின் ஆரம்பம். 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேர் இங்கே பிரஜைகள் ஆவார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாடுகளும் தள்ளி வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தோட்டத்தில் அந்த எண்கள் ஒரே காம்பராவுக்குள் விழுந்தன. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டாருக்குப் பாஸ்போர்ட் வந்தது, தாய்க்கு வரவில்லை. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் அங்கிருந்து கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் தமிழ்நாட்டின் முன்பின் தெரியாத ஊர்களுக்கும் பிரிந்து போனார்கள். பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின.

அந்த லயத்தில் கூட்டி வாசிக்கத் தெரிந்த பையன் அவர்தான். தோட்டப் பாடசாலையில் ஒற்றை ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதற்கு மேல் டவுனுக்கு நடந்து போய்ப் படித்த மூன்று நாலு பிள்ளைகளில் அவர் ஒருவர். சாயங்காலம் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். வாசிப்பார். பதில் எழுதித் தருவார். கூலியாகத் தேத்தண்ணி, சில வேளை ரொட்டித் துண்டு. 1973, 74 பஞ்சத்தில் அதுவும் இல்லை. மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாத அந்த நாட்களில், 'நாங்கள் இங்கே சுகம்' என்று எழுதச் சொல்வார்களாம். அங்கிருந்து வரும் கடிதமும் 'நாங்கள் இங்கே சுகம்' என்றே தொடங்குமாம். இரண்டு பக்கப் பொய்யும் அந்தப் பையனுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு நாள் ஒரு ஆயாவுக்குக் கடிதம் வந்தது. மகன் கூடலூரில் இறந்துபோன செய்தி. கடிதம் போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. ஆயா வாசற்படியில் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு, "படி ராசா" என்றாள். பையன் முதல் வரிகளை வாசித்தான். அந்த இடம் வந்ததும் தாண்டினான். மருமகளும் பிள்ளைகளும் சுகம் என்ற இடத்துக்குப் போய் முடித்துவிட்டான். ஆயா சிரித்து, கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

"ராத்திரி பூரா தூங்கல தம்பி. அந்தக் கெழவி சந்தோசமா படுத்திருப்பா. எனக்கு மட்டும் தெரியும். விடியக்காலம் பெரட்டுக்கு முன்னாடி போயி மறுபடியும் படிச்சிக் காட்டினேன்."

ஆயா என்ன செய்தாள் என்று நான் கேட்டேன். அன்றைக்கும் அவள் மலைக்குப் போனாளாம். பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. கூடையைத் தூக்கும்போது பையனின் தலையைத் தடவி, "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே அழுதிருப்பேனே" என்றாளாம்.

அவர் சொன்னது அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனபின், "படிச்சவனுக்குத் தெரிஞ்சு போகுதில்ல? தெரிஞ்சத வச்சிக்கிட்டு என்னா செய்யிறது" என்றார். என் கேள்விக்கு அவர் தந்த பதில் அதுதான் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

அந்தக் கடிதங்களின் மறுமுனையிலும் சிலர் இருந்தார்கள். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியின் அதிபராக இருந்த இர. சிவலிங்கம் 1960களில் மலையக இளைஞர்களைத் திரட்டியவர். அவரும் ஆசிரியர் திருச்செந்தூரனும் உருவாக்கிய மாணவர்கள் பலர் மலையகத்தின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஆனார்கள். பிற்காலத்தில் அவர் தமிழ்நாட்டுக்குப் போய்க் கோத்தகிரியில் தங்கினார். தாயகம் திரும்பியோர் என்று அரசுக் காகிதத்தில் பெயர் பெற்று, நீலகிரிக் காடுகளில் நிலமும் கூலியும் இன்றி நின்றவர்களுக்காக மன்றம் அமைத்து உழைத்தார். அவர்களுக்கு வேலை தரவென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தும், அதற்குள் இடம் கிடைக்காதவர்கள் ஏராளம். படித்த, மதிக்கப்பட்ட, வசதியாக ஒதுங்கியிருக்கக் கூடிய மனிதர். ஒதுங்கவில்லை. தன் மாணவர்களின் தாய் தகப்பன்மார் அங்கே இருந்தார்கள். அவருக்கும் தெரிந்துபோயிருந்தது.

வேறொரு திசையிலிருந்தும் கடிதம் வந்ததாக அண்ணன் சொன்னார். வவுனியாவிலிருந்து. 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்செயலில் லயங்கள் எரிந்தபோது வடக்கே ஓடிய குடும்பங்களுக்குக் காந்தியம் என்ற அமைப்பு நிலமும் விதையும் முன்பள்ளியும் தந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மெல்பர்னில் படித்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். இன்னொருவர் மருத்துவர் எஸ். இராஜசுந்தரம். தேயிலைத் தூரோடு எந்த உறவும் இல்லாத வடக்கத்தவர்கள் இருவரும். சொந்தப் பணத்தையும் தொழிலையும் வாழ்வையும் கொட்டினார்கள். ஏன் செய்கிறீர்கள் என்ற கேள்வியை அவர்களிடம் அரசு கேட்டது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஆண்டு ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, இரண்டாம் நாளில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் தப்பிப் பிழைத்து, பல பத்தாண்டுகள் சென்னையில் வாழ்ந்து, 2015இல் இலங்கைக்குத் திரும்பி அதே ஆண்டில் கண் மூடினார். காந்தியத்தில் உழைத்த இளைஞர் சிலர் ஆயுத இயக்கத்திலும் இருந்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு தொண்டுக்குப் பின்னால் இருக்கும் மனம் எப்போதும் ஒரே நூலால் நெய்ததாக இருப்பதில்லை. ஆனால் பசியோடு வந்த பிள்ளைக்கு முன்பள்ளியில் கிடைத்த பால், அதை ஊற்றியவரின் அரசியலைக் கேட்டு வயிற்றில் இறங்கவில்லை.

பிரித்தானியச் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் இரத்த தானம் பற்றி ஒரு நூல் எழுதினார். விலைக்கு வாங்கும் இரத்தத்தைவிட, முகம் தெரியாத ஒருவருக்காகச் சும்மா தரப்படும் இரத்தமே ஒரு சமூகத்தைக் கட்டி நிறுத்துகிறது என்பது அவர் வாதம். அதை வாசித்தபோது மதிப்போடு உடன்பட்டேன். ஆனால் எங்கள் தோட்டத்துக் கணக்கு அதில் அடங்கவில்லை. அண்ணன் நடப்பது முகம் தெரியாதவருக்காக அல்ல. ஒவ்வொரு முகமும் தெரியும் என்பதால்தான் நடக்கிறார். யார் வீட்டில் அடகு மூழ்கப்போகிறது, யார் பெண் பரீட்சையில் தவறினாள், யார் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான், எல்லாம் தெரியும். ஒன்றும் வாய்விட்டு வராது. இத்தனை பேரின் இரகசியத்தை ஐம்பது ஆண்டுகள் சிந்தாமல் சுமப்பதுதான் அவர் செய்யும் பெரிய தொண்டு என்று நான் நினைக்கிறேன். கடிதப் பையின் பாரம் அதற்குப் பிறகுதான்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை சரிந்தது. எத்தனை பேர் மண்ணுக்குள் என்று நாட்கணக்காகத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு குறைந்தது, மறுபடி மாறியது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பதை உடனே உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட வாரமே அண்ணன் ஒரு மாணவர் கொப்பி வாங்கினார். லயம், காம்பரா, இருப்பவர்கள், வயது, கொழும்பில் வேலை செய்பவர்கள், மாதமாக இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள். பென்சிலில் எழுதுவார், மாறினால் அழித்துத் திருத்துவார். இப்போது அது நாலாவது கொப்பி. என்னிடம் காட்டியபோது முதல் பக்கத்தில் காலமான ஒருவர் பெயரை அழிக்காமல், பக்கத்தில் தேதி மட்டும் போட்டிருந்தார். ஓர் அரசு செய்ய வேண்டிய காரியம் பென்சிலால் நடக்கிறது. அவரைப் பாராட்டும்போதெல்லாம் இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது. 2015க்குப் பின் ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடுகள் எழத் தொடங்கின. இந்திய உதவியிலும் வீடுகள் வந்தன. வீடு கிடைத்தவர்கள் கதவில் எண் எழுதி மகிழ்ந்தார்கள். கிடைக்காதவர்களே அதிகம். எண் இல்லாதவரை அவர் நடக்கத்தான் வேண்டும். அவர் நடக்கிறார் என்பதால் எண் தர யாரும் அவசரப்படவில்லையோ என்றும் தோன்றுகிறது. அவரிடமே ஒருமுறை இதைச் சொன்னேன். "அதுக்காக கடுதாசிய மழையில போடலாமா?" என்றார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. அவர் மனைவி. முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றபின்பும், ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது. அண்ணனின் செருப்பு, குடை, டவுனுக்குப் போய் வரும் பஸ் காசு, ஃபோட்டோ பிரதிக்குக் கொடுக்கும் காசு, எல்லாம் அந்தக் கூடையிலிருந்து வந்தவை. 2021இல்தான் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயைத் தொட்டது. அதற்கும் எத்தனை ஆண்டுப் போராட்டம். அந்தச் சம்பளத்தில் ஒருவர் ஊருக்காக நடந்தார் என்றால், இன்னொருவர் வீட்டுக்காக இரண்டு மடங்கு பறித்தார் என்று பொருள். "அவருக்கு ஊரு பேரு குடுத்திருக்கு. எனக்கு யாரு குடுத்தா?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பில் சாயத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தொண்டர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் மேடைகளில் கூடை தூக்கிய தோள்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவ சொல்றது சரி தம்பி, அத எழுதுங்க" என்றார். ஆகவே எழுதினேன்.

போன முறை ஊருக்குப் போய்த் திரும்பும் நாளில், பஸ் நிலையம் வரை வந்து ஒரு நீள உறையைத் தந்தார். பணிய கணக்குப் பெண் ஒருத்தியின் பெயர். கட்டுநாயக்காவில் தையல் தொழிற்சாலையில் வேலை. உயர்தரம் சித்தியடைந்து, ஓர் அரசாங்க வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். தாய் இறந்து காம்பரா பூட்டிக் கிடக்கிறது. பழைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் நேர்முகம். அன்று வெள்ளி. தங்குமிடம் எந்தத் தெருவில் என்று மட்டும் அவளோடு போன இன்னொருத்தியிடம் கேட்டு வைத்திருந்தார்.

எனக்கு வேலைகள் இருந்தன. சனிக்கிழமை முழுக்க வேறு திட்டம். பஸ்ஸில் கந்தப்பளை தாண்டும்வரை உறையை மடியில் வைத்திருந்தேன். அதற்கு மேல் திட்டத்தைப் பற்றி நினைக்க முடியவில்லை. எனக்கும் தெரிந்துவிட்டது.

கட்டுநாயக்காவில் அந்தத் தெருவில் விடுதி வீடுகள் வரிசையாக இருந்தன, எங்கள் லயங்களைப் போலவே. ஐந்தாவது கேட்டில் அவளைக் கண்டுபிடித்தேன். இரவு வேலை முடித்து வந்து, ஈரத் தலையோடு நின்றாள். நான் யார், ஏன் வந்தேன் என்று கேட்பாள் என்று வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் உறையைக் கிழித்து, நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, இன்றைக்கு நுவரெலியாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.